வாய் திறந்த படம்

நிறம் எப்படிக் கலப்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழ வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், பிள்ளைகள். அதையெல்லாம் உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். போன மாதம் உங்கள் படங்களைப் பார்த்தேன். கை சுத்தம். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு பெண்ணைக் கூட்டி வந்து முன்னால் கதிரையில் இருத்திய பிறகு என்னென்ன வில்லங்கம் வரும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களானால், அதற்குத் திருகோணமலையில் என்னை விட்டால் ஆளில்லை. அடக்கமாகக் கதைக்க வேண்டிய வயதெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

கை நடுங்கத் தொடங்கியதும் பெரிய படங்களை நிறுத்திக்கொண்டேன். அதற்கு முன் கனகாலம் நான் கீறியது முழுக்கப் பெண்களைத்தான். உயிரோடு இருந்த பெண்களை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தொழில் தொடங்கியது செத்தவர்களோடு.

நான் வேலை பழகியது நகரத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன்னர் பெரிய படம் ஒன்று வேண்டும். வீட்டுக்காரர் அடையாள அட்டையைக் கொண்டு வருவார்கள். அல்லது ஏதோ ஒரு கலியாணக் கூட்டத்தில் மூலையில் நின்ற முகத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நான் பெரிதாகக் கீற வேண்டும். முதலாளி எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றுதான். "வாயை மூடிக் கீறு பிள்ளை. பல்லுத் தெரிஞ்சா வீட்டுச் சனம் பயந்துபோகும்." சரியான பேச்சு. பிரேதத்துக்கே வாய் திறவாமல் நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டித்தானே வைக்கிறோம். நானும் அப்படியே கீறினேன். சாந்தமான முகம், மூடிய உதடு, நேரே பார்க்கும் கண். இந்த ஊரில் எத்தனை சாமியறைகளுக்குப் பக்கத்தில் என் படங்கள் தொங்குகின்றன என்று எனக்கே தெரியாது.

பிறகு எனக்கு ஓர் ஆசை பிடித்தது. செத்த பிறகு மட்டும்தானா ஒரு பொம்பிளைக்குப் பெரிய படம்? இருக்கும்போதே கீறினால் என்ன? இந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக இருத்திக் கீறி ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவெடுத்து வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். "அக்கா, எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லையே" என்று ஒருத்தி பதறிப்போனாள். இன்னொருத்தி என்னைக் கேற்றுக்கு வெளியிலேயே நிற்க வைத்துக் கதைத்து அனுப்பினாள். நான் வந்து போனால் சாவு வரும் என்று பயம். கிண்ணியாவில் ஒரு தையற்காரப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டு, "முகம் வேணாம் ராத்தா, கையைக் கீறுங்க, கைதான் நான்" என்றாள். அந்தக் கைகளைக் கீறினேன். அதைப் பிறகு ஒரு நாள் சொல்கிறேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் போதும்.

நான் சொல்ல வந்தது பூரணி அக்காவின் கதை.

சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவ அவ. வள்ளம் கரை தட்டினால் கூடையைச் சுற்றி ஆண்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் பூரணி அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று கூப்பிடுவா. அம்மன் கோயில் வாசலில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். கணவர் கடலுக்குப் போகிறவர், வாயைத் திறந்து ஒரு சொல் கதைக்காத மனிதர். வீட்டுக்கும் சேர்த்துக் கதைப்பது அக்காதான். அவவை அப்படியே, வாய் முழுக்கத் திறந்து ஏலம் கூறுகிற மாதிரிக் கீற வேண்டும் என்பது என் கனவு.

கனவைச் சொன்னேன். அக்கா சம்மதித்தா. ஆனால் படத்துக்கு இருக்க வந்த அன்று பட்டுச் சேலை, தலை நிறைய எண்ணெய், இறுக்கி மூடிய வாய்.

"இதென்ன அக்கா, கோயிலுக்குப் போற மாதிரி?"

"வாயை மூடிக் கீறுங்கோ தங்கச்சி. மகளுக்குக் கலியாணம் பேசினம்."

மகள் தர்சினி. மாப்பிள்ளை அன்புவழிபுரத்துப் பெடியன், என் ஒழுங்கையில்தான் வீடு. தகப்பன் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊரெல்லாம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெடியனும் தர்சினியும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். மாஸ்டர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. அவர் காதில் யாரோ, "தாய் பெரிய வாய்க்காரி, கடற்கரையில ஆம்பிளையளோட நிண்டு கத்துறவள்" என்று ஓதிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று பூரணி அக்கா ஒரு சொல் கதைக்கவில்லை. அக்காவின் மச்சாள்காரி எல்லாவற்றையும் கதைத்தா. அக்கா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினிக் கதவோடு நின்றா.

"என்ர சத்தத்தை அந்த வீட்டு ஆக்கள் இன்னும் கேக்கேல்லை. கலியாணம் முடியிற வரைக்கும் கேக்கவும் கூடாது. படம் பாக்க மாஸ்டர் வருவார். அதிலயும் நான் வாயைத் திறந்துகொண்டு நிண்டா என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு" என்றா.

நான் வாதாடவில்லை. முன்னால் வந்து இருக்கிறவளுக்கு விருப்பமில்லாததைக் கீற எனக்கு உரிமை இல்லை என்பது என் கட்டுப்பாடு. நீங்களும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடிய வாயோடு கீறினேன். வடிவாகத்தான் வந்தது. பட்டுச் சேலையின் மடிப்பில் வெளிச்சம் விழுந்த இடத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பெருமை. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். அதனால் அந்தப் படத்தையே கண்காட்சி வைத்த மண்டபத்தின் வாசலில், உள்ளே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தேன்.

கண்காட்சி திறக்கிற நாள். பின்னேரம். பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. நான் பின் சுவரில் ஒரு சட்டம் சரிந்து தொங்குவதை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஊதுபத்தி வாசம் வந்தது. திறப்புவிழாவுக்கு மங்கள விளக்கு ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் மாஸ்டரும் மனைவியும் நின்றார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூரணி அக்காவின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். படத்துக்கு நந்தியாவட்டைப் பூ மாலை. நெற்றியில் என் வர்ணத்துக்கு மேல் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே குத்துவிளக்கு எரிகிறது.

மண்டபம் பார்க்கிற ஐயா செய்த வேலை. நல்ல மனிதர். பூசைக்குரிய காரியம் எதையும் குறை விடாதவர்.

மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "எப்ப நடந்தது? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று மெல்லக் கேட்டா. மாஸ்டரும் கண்ணைத் திறந்து, "போன மாதந்தானே சம்பந்தம் கதைச்சனாங்கள். நல்ல அமைதியான மனுசி" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூரணி அக்கா, கணவர், தர்சினி மூவரும் படியேறி வந்துவிட்டார்கள்.

பிள்ளைகள், தொழிலில் இப்படி ஒரு கணம் எல்லோருக்கும் வரும். கையில் பிரஷ் இருக்காது, யோசிக்க நேரம் இருக்காது, ஆனால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். என் புத்திக்கு முதலில் பட்டது படத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது. ஓடிப்போய்ச் சட்டத்தில் கையும் வைத்துவிட்டேன். தாய்க்கு மாலை போட்டிருப்பதைக் கண்ட தர்சினி விம்மத் தொடங்கினாள். பூரணி அக்கா மாலையைப் பார்த்தா, சந்தனத்தைப் பார்த்தா, பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் சம்பந்தியைப் பார்த்தா. வாயைத் திறக்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. தர்சினி தாயின் கையைப் பிடித்து, "அம்மா, கதைக்காதேங்கோ" என்று கெஞ்சினாள்.

அந்தக் கணத்தில் அக்கா பேசாமல் படியிறங்கிப் போயிருந்தால் கலியாணம் சிக்கலில்லாமல் நடந்திருக்கும். ஆனால் தான் அங்கேயே செத்துப் போயிருப்பேன் என்று பிறகு எனக்குச் சொன்னா.

"ஆர் இந்த மாலையைப் போட்டது?"

கடற்கரைச் சத்தம். கூரைக்குள் இருந்த புறாக்கள் அடித்துக்கொண்டு பறந்தன. மாஸ்டர் ஒரு அடி பின்னால் போனார். மண்டபத்து ஐயா தீப்பெட்டியும் கையுமாக ஓடி வந்து, அக்காவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா… நான் நல்லதுக்குத்தான் செய்தனான். படக்கார அக்கா செத்த ஆக்களைத்தானே கீறுறவ. அதோட, படத்தில நீங்கள் பேசாம இருந்தீங்கள்."

பூரணி அக்கா அவரை ஏசுவா என்று நினைத்தேன். அவ படத்தைத் திரும்பிப் பார்த்தா. பிறகு என்னிடம் சொன்னா:

"மனுசன் சொல்லுறது சரிதானே தங்கச்சி. நான் இப்பிடி வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதெண்டா அது செத்தாப் பிறகுதான். திறந்து விடுங்கோ."

"என்னத்தை அக்கா?"

"வாயைத்தான். இப்பவே."

"வர்ணம் காயாது அக்கா. பிரதம விருந்தினர் வரப்போறார்."

"மீன் கரைக்கு வந்தா அண்டைக்கே விக்கோணும். நாளைக்கு எண்டு வைக்க ஏலாது."

மாஸ்டரின் முகம் கறுத்துவிட்டது. கலியாணம் முறிந்தால் அழப்போவது பூரணி அக்கா இல்லை, தர்சினி. அதனால் நான் தாய் சொன்னதற்காகப் பிரஷை எடுக்கவில்லை. பிள்ளையிடம் போனேன். "தர்சினி, நீ சொல்லு. திறக்கவோ, விடவோ? நீ வேண்டாம் எண்டா நான் தொடமாட்டன்" என்றேன்.

என் தொழில் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பெருமை தருவது எந்தப் படமும் அல்ல, அந்தக் கேள்விதான். அவசரத்தில் ஒரு படத்தைத் திருத்த எவராலும் முடியும். திருத்தினால் யாருக்கு நட்டமோ அவளிடம் கேட்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றியதே, அதைச் சொல்கிறேன்.

தர்சினி மாமியாராக வரப்போகிறவவைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திறந்து விடுங்கோ அன்ரி. நல்லாத் திறந்து விடுங்கோ" என்றாள்.

மாலையைக் கழற்றினோம். சந்தனத்தைத் துடைத்தோம். கடைசித் திருத்தத்துக்கென்று கொண்டு வந்திருந்த வர்ணப் பெட்டியைத் திறந்து, படத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தேன். பூரணி அக்கா வாயைத் திறந்துகொண்டு நின்றா. பல் பிடுங்கப் போனவள் மாதிரி இருந்தது.

"இப்பிடிச் சரிவராது அக்கா. ஏலம் கூறுங்கோ."

"மீன் எங்க?"

"இருக்கெண்டு நினையுங்கோ."

அவ்வளவுதான். சேலைத் தலைப்பு இடுப்புக்குப் போனது. "சூரை, முழுச் சூரை, இப்ப வந்த சூரை! ஒருதரம்…" தன் கைகளைப் பார்க்க வந்திருந்த கிண்ணியாத் தையற்காரி பின்னாலிருந்து விலை கேட்டாள். அதைவிடக் கூட்டி வேறொருத்தி கேட்டாள். மண்டபத்து ஐயாவும் கேட்டார். நான் கீறிக்கொண்டிருந்தேன். உதடு விரிகிற விதம், நாக்கு மேலண்ணத்தைத் தட்டிக் கீழே வருகிற விதம், கன்னத்தில் விழும் பள்ளம். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. "பல்லையும் அப்பிடியே போடவோ?" என்றேன். "இல்லாததை இல்லாம போடுங்கோ" என்றா, கூறிக்கொண்டே. பிரதம விருந்தினர் எப்போது வந்தாரோ எனக்குத் தெரியாது. அவர் நாடா வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சனத்தோடு சனமாக நின்று பார்த்தாராம்.

முடித்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதுதான் பூரணி அக்கா. அதுவரை நான் கீறி வைத்திருந்தது ஒரு நல்ல பட்டுச் சேலையை.

மாஸ்டர் பாதியிலேயே போய்விட்டார். போகும்போது மனைவியிடம், "வா" என்று ஒரு சொல் சொன்னார். அவ போகவில்லை. முதல் முறையாக அவர் கூப்பிட்டு அவ போகாமல் நின்றதை நான் கண்டேன். கடைசிப் பல் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, தனியாகப் படியிறங்கிப் போனா.

அதற்குப் பிறகு மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பூரணி அக்கா கடற்கரையில் கூறிக்கொண்டுதான் இருந்தா, ஆனால் மூன்றாந்தரம் சொல்ல மறந்து மீனைக் கொடுத்துவிட்டாவாம். தர்சினி என்னைக் காணும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் செய்தேன், ஆனாலும் என் கையால்தானே செய்தேன்.

ஒரு நாள் காலையில் மாஸ்டரின் மனைவி என் வீட்டுக்கு வந்தா. ஒரே ஒழுங்கையில் இத்தனை வருசம் இருந்தும் அவ என் படிக்கட்டு ஏறியது அதுதான் முதல் தடவை. கதிரையின் நுனியில் இருந்தா. தேத்தண்ணி கொடுத்தேன்.

"கலியாணத்துக்கு நாள் பாத்தாச்சு" என்றா.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "மாஸ்டர் ஓமெண்டிட்டாரோ?"

"முதல் ஏலாது எண்டவர். அந்த மனுசியின்ர சத்தம் எங்கட வீட்டுக்குச் சரிவராதெண்டார். நான் சொன்னனான், எங்கட வீட்டில சத்தமே இல்லை, ஒரு வாய் வந்தா நல்லதெண்டு." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தா. "நான் அப்பிடிக் கதைச்சதைக் கேட்டு அவருக்கு வேறொண்டும் சொல்ல வரேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவவும் சிரித்தா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரி செய்தா.

"எனக்கும் ஒரு படம் கீறுவீங்களோ?"

"கீறுவன். எப்பிடி?"

"சம்பந்தியின்ர மாதிரி. வாயைத் திறந்து."

எழுந்துபோய்ப் பலகையை நிமிர்த்தி வைத்தேன். கரித்துண்டை எடுத்தேன். ஆனால் சும்மா திறந்த வாய் ஆகாது என்று எனக்கு இப்போது தெரியுமே. "என்ன கதைக்கிற மாதிரிக் கீற?" என்று கேட்டேன்.

அவ யோசித்தா. தனக்கு ஏலம் கூறத் தெரியாது என்றா. பாட்டும் வராது என்றா. தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுப் பார்த்தா; கூப்பிடும் குரல் பாதியில் தேய்ந்துபோனது. பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டா:

"என்ர பேரைச் சொல்லட்டோ? அதை நான் சத்தமாச் சொல்லிக் கனகாலம்."

ஓம், சொல்லுங்கோ என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது: அவவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் வீட்டு அக்கா, அவ்வளவுதான். பொம்பிளைகளின் முகத்தைக் கீறிப் பேர் வாங்கியவள் நான்.

"பாக்கியவதி" என்றா, வாய்க்குள்ளே.

"கேக்கேல்லை" என்றேன். கேட்டது.

"பாக்கியவதி."

"இன்னும் கொஞ்சம்."

அவ கதிரையை விட்டு எழுந்து நின்றா. கையை இடுப்பில் வைத்தா. எங்கே பார்த்துப் பழகியது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறை சொன்னபோது பக்கத்து வளவில் தேங்காய் உரித்துக்கொண்டு நின்ற மனிதர் வேலியை எட்டிப் பிடித்து, "ஆரது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லப் போனேன். அவ கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, யன்னலடிக்குப் போய்த் தானே சொன்னா.

"நான்தான். பாக்கியவதி."